கூலி கேட்டவர்களைக் கப்பலேற்றிய சட்டம்: 1830 ஸ்விங் கலகமும் தீவாந்திர தண்டனையும்

பழைய குற்றவியல் தீர்ப்புகளைப் புரட்டும் எவரும் 'தீவாந்திர தண்டனை' என்ற சொல்லைக் கடக்காமல் இருக்க முடியாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1955 வரை அது இருந்தது. அந்த ஆண்டு நிறைவேற்றப்பட்ட 26ஆம் எண் திருத்தச் சட்டம், 1956 ஜனவரி 1 முதல் அச்சொல்லை நீக்கி 'ஆயுள் சிறை' என்று மாற்றியது. மாறியது சொல் மட்டுமே. கோபால் கோட்சே வழக்கில் 1961ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஆயுள் தீவாந்திரம் என்பது எஞ்சிய வாழ்நாள் முழுவதுக்குமான சிறையே என்று பொருள்கூறியது. இன்று ஆயுள் தண்டனைக் கைதியின் முன்விடுதலை மனுவுக்காக வாதிடும் ஒவ்வொரு வழக்கறிஞரும், அறிந்தோ அறியாமலோ, அந்தக் கப்பல்களின் நிழலில் நின்றுதான் வாதிடுகிறோம்.

அந்தக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள் யார் என்ற கேள்விக்கு நம் நினைவில் உடனே வரும் விடை, அந்தமான் சிறையின் புகழ்பெற்ற அரசியல் கைதிகள். அதே தண்டனை, அதைக் கண்டுபிடித்த நாட்டின் சொந்த உழைக்கும் மக்கள்மீது எப்படிப் பாய்ந்தது என்பது இங்கு மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. நிலமற்ற விவசாயக் கூலிகள் நாள் ஒன்றுக்கு இரண்டு ஷில்லிங் கேட்டதற்காக, ஐந்நூறு பேர் அளவில் உலகின் மறுகோடிக்கு அனுப்பப்பட்ட கதை அது. கூலிக்காகத் திரண்டவர்களின்மேல் குற்றவியல் சட்டம் எந்தப் பிரிவுகளை, எந்த வரிசையில் எடுத்து வீசும் என்பதை அறிய விரும்புவோர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

தெற்கு இங்கிலாந்தின் கிராமங்களில் 1830ஆம் ஆண்டின் கூலித் தொழிலாளியிடம் நிலம் இல்லை. பொது மேய்ச்சல் நிலங்களும் புறம்போக்குகளும் நாடாளுமன்றச் சட்டங்களின் வழியே வேலியிட்டுப் பெருநிலக்கிழார்களிடம் சேர்ந்துவிட்டன. காட்டில் முயல் பிடித்தால் வேட்டைச் சட்டத்தின்படி குற்றம். வில்ட்ஷயர் போன்ற மாவட்டங்களில் வாரக்கூலி ஏழெட்டு ஷில்லிங். ஒரு குடும்பத்தின் ரொட்டிக்கே அது போதாது. குறைந்ததைத் திருச்சபைப் பங்கின் ஏழை நிதி ஈடுகட்டும் என்றொரு ஏற்பாடு 1795 முதல் இருந்துவந்தது. அது உதவி என்ற பெயரில் வந்த இழிவு. குறைந்த கூலி கொடுத்த பண்ணையாருக்கு மிச்சம்; வாங்கியவருக்கோ பிச்சைக்காரர் என்ற பட்டம். வேலையற்றோரை வண்டியில் மாடுகளைப்போலப் பூட்டிக் கல் இழுக்கச்செய்த ஊர்களும் இருந்தன.

இந்நிலையில்தான் கதிரடிக்கும் இயந்திரம் வந்தது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கினால் கூலிகளுக்குக் களஞ்சியத்தில் கிடைத்த ஒரே வேலை, தடிகொண்டு கதிரடிப்பது. அடுத்த விதைப்புவரை அடுப்பு எரிந்தது அந்த வேலையால். குதிரைகள் சுழற்றிய அந்த இயந்திரம் அதைச் சில நாட்களில் முடித்துவிட்டது. இயந்திரத்தை உடைத்தவர்களை அறிவியலுக்கு எதிரான மூடர்கள் என்று எழுதிய பத்திரிகைகள் அன்றும் உண்டு. அவர்கள் உடைத்தது இயந்திரத்தை அல்ல, நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பட்டினியை என்றே நாம் புரிந்துகொள்கிறோம்.

1830 ஆகஸ்ட் 28 இரவு, கென்ட் மாவட்டத்தில் கேண்டர்பரிக்கு அருகிலுள்ள லோயர் ஹார்ட்ரஸ் என்ற ஊரில் முதல் இயந்திரம் உடைக்கப்பட்டது. நவம்பருக்குள் அது சசெக்ஸ், ஹாம்ப்ஷயர், பெர்க்‌ஷயர், வில்ட்ஷயர் எனத் தெற்கு முழுவதும் பரவிவிட்டது. பண்ணையார்களுக்கும் பாதிரியார்களுக்கும் 'கேப்டன் ஸ்விங்' என்று கையொப்பமிட்ட மிரட்டல் கடிதங்கள் வந்தன. அப்படி ஒரு கேப்டன் எங்கும் இல்லை. கதிரடிக்கும் தடி காற்றில் சுழல்வதைக் குறித்த பெயர் அது என்பர். வைக்கோல் போர்கள் எரிந்தன. பகல் வெளிச்சத்தில் ஊர் ஊராகத் திரண்ட கூட்டங்கள் கூலி உயர்வை ஒப்புக்கொள்ளச் செய்தன, இயந்திரங்களை உடைத்தன, உடைத்த வேலைக்குக் கூலியாகப் பணமோ ரொட்டியோ மதுவோ கேட்டு வாங்கின. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பலரின் தலைவிதியை அதுதான் தீர்மானித்தது. கலகக்காரர்கள் அந்த மாதங்களில் ஒரே ஒரு மனிதரைக்கூடக் கொல்லவில்லை. கொல்லப்பட்டவர் அவர்கள் தரப்பைச் சேர்ந்தவர்: நவம்பர் 25 அன்று வில்ட்ஷயரின் டிஸ்பரிக்கு அருகில், பைத்தவுஸ் என்ற இடத்தில், தன்னார்வக் குதிரைப்படை கூட்டத்தின்மீது பாய்ந்தபோது ஜான் ஹார்டிங் என்ற கூலித் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பண்ணையின் உரிமையாளர் ஜான் பெனட், நாடாளுமன்ற உறுப்பினர்.

சட்டம் என்ன சொன்னது? 1827ஆம் ஆண்டின் சொத்துச் சேதச் சட்டப்படி, கதிரடிக்கும் இயந்திரத்தை உடைத்தால் அதிகபட்சம் ஏழாண்டு தீவாந்திரம். வேறு தொழிற்சாலை இயந்திரத்தை உடைத்தாலோ, கூட்டமாகச் சென்று கட்டடத்தை இடித்தாலோ மரண தண்டனை. வைக்கோல் போருக்குத் தீ வைத்தால் மரண தண்டனை. கும்பலாக நின்று பணம் கேட்டு வாங்கினால் அது வழிப்பறி. அதற்கும் மரண தண்டனை. அடியோ காயமோ வேண்டியதில்லை, அச்சம் இருந்தாலே போதும். இயந்திரம் உடைத்ததற்காக மட்டும் வழக்குத் தொடுத்தால் ஏழாண்டோடு முடிந்துவிடும். ஆகவே எவரைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு விரும்பியதோ, அவர்மேல் அந்த இரண்டு ஷில்லிங்கையோ ஒரு சவரனையோ கேட்டு வாங்கிய 'வழிப்பறி' வழக்கு ஏறியது. நிகழ்ச்சி ஒன்றுதான், எந்தப் பிரிவு என்பதே தண்டனையைத் தீர்மானித்தது. கூலிப் போராட்டத்தில் கைதானவர்களின் முதல் தகவல் அறிக்கையைப் படித்துப் பழகிய நமக்கு இந்த முறை புதிதன்று.

இதே சட்டத்தின் கீழ் இன்னொரு வழியும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அக்டோபரில், கிழக்கு கென்ட் நீதிமன்றத்தில் சர் எட்வர்ட் நாட்ச்புல் என்ற நீதிபதி, இயந்திரம் உடைத்த முதல் கைதிகளுக்குச் சில நாட்கள் சிறை மட்டும் விதித்து அனுப்பினார். பரிவு காட்டினால் அமைதி திரும்பும் என்பது அவர் கணிப்பு. உள்துறை அமைச்சகம் அதை விரும்பவில்லை. பல மாவட்டங்களில் உள்ளூர் நீதிபதிகளே இயந்திரங்களைக் கைவிடுமாறும் கூலியை உயர்த்துமாறும் பண்ணையார்களுக்குப் பரிந்துரைத்தனர். நவம்பரில் கிரே பிரபுவின் விக் கட்சி ஆட்சிக்கு வந்தது. சீர்திருத்தக் கட்சி என்று பெயர் பெற்றது. அதன் உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபு டிசம்பர் 8 அன்று அனுப்பிய சுற்றறிக்கை, அப்படிப் பரிந்துரைத்த நீதிபதிகளைக் கண்டித்தது. உள்ளூர் நீதிபதிகளை நம்ப முடியாது என்பதால், வின்செஸ்டர், ரெடிங், அபிங்டன், சாலிஸ்பரி, டார்செஸ்டர், ஐல்ஸ்பரி ஆகிய ஊர்களுக்கு லண்டனிலிருந்து சிறப்பு நீதி ஆணையங்கள் அனுப்பப்பட்டன.

வின்செஸ்டரில் டிசம்பர் 18 அன்று விசாரணை தொடங்கியபோது, நீதிபதிகளோடு மேடையில் வெலிங்டன் கோமகனும் அமர்ந்திருந்தார். ஒரு மாதத்திற்கு முன்புவரை அவர் நாட்டின் பிரதமர். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் அரசரின் பிரதிநிதி. கலகத்தை ஒடுக்குவதில் நேரடிப் பங்காற்றிய பெருநிலக்கிழார். ஜூரிகளாக அமர்வதற்குச் சொத்துத் தகுதி உண்டு. கூலித் தொழிலாளி எவரும் அந்த வரிசையில் இருக்க இயலாது. எதிரிகளின் நிலையோ இன்னும் மோசம். பெருங்குற்ற வழக்குகளில் எதிரியின் வழக்கறிஞர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஆனால் ஜூரியை நோக்கி வாதுரை நிகழ்த்த முடியாது. அந்த உரிமை 1836ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. வழக்கறிஞர் அமர்த்தப் பணமில்லாதவர்களுக்கு அந்தக் குறுக்கு விசாரணையும் இல்லை. சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கானோரின் வழக்குகள் முடிந்தன. வின்செஸ்டரில் மட்டும் நூறு பேர்வரை மரண தண்டனைத் தீர்ப்புக்கு உள்ளாயினர்.

மிச்செல்டெவர் என்ற ஊரின் ஹென்றி குக் அவர்களில் ஒருவர். வயது 19. கூட்டம் ஒன்றில், பேரிங் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த பிங்காம் பேரிங் என்பவரை அவர் சம்மட்டியால் அடித்தார் என்பது குற்றச்சாட்டு. அடி தொப்பியில் விழுந்தது. பேரிங் பிழைத்து எழுந்து, நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். முதலில் ஆறு பேர் தூக்கிற்கு ஒதுக்கப்பட்டனர். சுற்றியிருந்த நகரங்களிலிருந்து கருணை மனுக்கள் குவிந்தபின் நால்வர் தப்பினர். 1831 ஜனவரி 15 அன்று குக், ஜேம்ஸ் கூப்பர் என்பவருடன் தூக்கிலிடப்பட்டார். அவர் கல்லறைமீது பனி படிவதில்லை என்று அந்த ஊர் மக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வந்தனர். நீதிமன்ற ஆவணம் சொல்லாததை ஊர்வாய் இப்படித்தான் பதிவு செய்துகொள்கிறது.

குக்கின் வழக்கருகே இன்னொரு இளைஞரின் வழக்கை வைத்துப் பார்க்க வேண்டும். சசெக்ஸின் பேட்டில் ஊரைச் சேர்ந்த தாமஸ் குட்மன் என்பவர் தீவைப்புக்காக மரண தண்டனை பெற்றார். தூக்குக்குக் காத்திருந்தபோது, வில்லியம் காபெட்டின் சொற்பொழிவைக் கேட்டதால்தான் தனக்குத் தீவைக்கும் எண்ணம் வந்தது என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார். ஒன்றல்ல, மேலும் மேலும் விரிவடைந்த வாக்குமூலங்கள். காபெட் அன்றைய கூலி மக்களின் குரலாக விளங்கிய இதழாளர். குட்மனின் உயிர் தப்பியது. ஆயுள் தீவாந்திரமாகத் தண்டனை குறைந்தது. காபெட்மீது அரசத் துரோக எழுத்துக்கான வழக்குப் பாய்ந்தது. 1831 ஜூலையில் அவ்வழக்கில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் கலைந்தனர், காபெட் விடுபட்டார். தீ வைத்தவர் பிழைத்ததும் தொப்பியை நசுக்கியவர் தூக்கில் தொங்கியதும் ஒரே மாதத்துக் கதை. குட்மனைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. கயிறு கழுத்தருகே இருக்கும்போது கேட்கப்படும் கேள்விக்கு எந்த விடை வேண்டும் என்பது கேட்பவர்க்கும் தெரியும், சொல்பவர்க்கும் தெரியும்.

மொத்தக் கணக்கை வரலாற்றாசிரியர்கள் எரிக் ஹாப்ஸ்பாமும் ஜார்ஜ் ரூடேயும் 1969இல் வெளியிட்ட 'கேப்டன் ஸ்விங்' நூலில் தொகுத்தனர். விசாரிக்கப்பட்டவர்கள் 1,976 பேர். மரண தண்டனை பெற்றவர்கள் 252, தூக்கிலிடப்பட்டவர்கள் 19. சிறை சென்றவர்கள் 644. தீவாந்திரம் 505 பேருக்கு. அவர்களில் 481 பேர் கப்பலேறினர். இந்த 481 பேரில் மிகப் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த ஆண்கள். முன்பு குற்றம் புரிந்து தண்டனை பெறாதவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் மணமானவர்கள். பெண்கள் இருவர்.

சாலிஸ்பரியில் தீர்ப்புக்குப்பின் கைதிகளை ஏற்றிச்சென்ற வண்டிகளைச் சுற்றித் தாய்மாரும் மனைவியரும் குழந்தைகளும் கதறிய காட்சியை அன்றைய பத்திரிகைகளே எழுதின. எண்பதாண்டு கழித்து டபிள்யூ. எச். ஹட்சன் அந்த வட்டார முதியவர்களிடம் பேசியபோதும் அந்த நாளின் நினைவு ஆறாமலே இருந்தது. ஏழாண்டுத் தண்டனை என்று தாளில் எழுதினாலும், திரும்பும் கப்பற்செலவு கைதியுடையது. ஒரு கூலித் தொழிலாளியால் அதை ஒருபோதும் சேமிக்க இயலாது. ஆகவே ஏழாண்டு, பதினான்கு ஆண்டு, ஆயுள் என்ற வேறுபாடு ஏழைக்கு ஏட்டளவில் மட்டுமே. மனைவிக்கு அது கணவனின் மரணம்; ஆனால் கைம்பெண் என்ற சட்டத் தகுதிகூட இல்லாத மரணம்.

போர்ட்ஸ்மவுத் துறையில், கப்பற்சிறைகளாக மாற்றப்பட்ட பழைய போர்க்கப்பல்களில் சிறிது காலம் அடைத்துவைத்து, பின் அனுப்பினார்கள். 'எலிசா' பிப்ரவரித் தொடக்கத்தில் 224 பேருடன் வான் டீமன் நிலத்துக்கு, அதாவது இன்றைய டாஸ்மேனியாவுக்குப் புறப்பட்டது. 'எலினர்' நியூ சவுத் வேல்ஸுக்கும், 'புரோட்டியஸ்' மீண்டும் வான் டீமன் நிலத்துக்கும் சென்றன. எலிசா புறப்பட்ட அதே பிப்ரவரியின் 8ஆம் நாள், நாடாளுமன்றத்தில் ஹென்றி ஹண்ட் கலகக் கைதிகளுக்குப் பொது மன்னிப்புக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரித்தவர்கள் 2 பேர். எதிர்த்தவர்கள் 269 பேர்.

எலினரில் சென்றவர்களில் ஹாம்ப்ஷயரின் புல்லிங்டன் ஊரைச் சேர்ந்த மேசன் சகோதரர்கள், ஜோசப்பும் ராபர்ட்டும் இருந்தனர். இருவரும் எழுதப் படிக்கத் தெரிந்த உழைப்பாளிகள். காபெட்டின் இதழை அண்டை வீட்டாருக்கு உரக்கப் படித்துக்காட்டியவர்கள். கலகத்துக்குச் சில வாரங்கள் முன்பு, வாக்குரிமைச் சீர்திருத்தம் கோரிக் கூலித் தொழிலாளர்கள் கையொப்பமிட்ட மனுவை அரசரிடம் கொடுக்க ஜோசப் சுமார் 60 மைல் நடந்து பிரைட்டன் சென்றார். அரண்மனை அதை வாங்கவில்லை. மனு கொடுக்கும் வழி அடைபட்ட சில வாரங்களில் அவர்கள் கூட்டத்தில் நின்றனர். 'வழிப்பறி'க்காக ஆயுள் தீவாந்திரம் பெற்றனர். படித்த கூலிகளை ஆள்வோர் அதிகம் அஞ்சினார்கள் என்பது நமது கணிப்பு. ஜோசப் பின்னர் மன்னிப்புப் பெற்றுத் திரும்பி, தன் கைதி வாழ்வை எழுதிவைத்தார். அது 1996இல்தான் நூலாக வெளிவந்தது.

கைதிகள் ஆஸ்திரேலியக் கரையில் இறங்கியதும் குடியேற்றப் பண்ணைகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் ஒப்படைக்கப்பட்டனர். கூலி கிடையாது, உணவும் உடையும் மட்டும். உழவும் மந்தை மேய்ப்பும் அறிந்தவர்கள் என்பதால் இவர்களுக்குப் போட்டி இருந்தது. சொந்த நாட்டில் உபரி என்று ஒதுக்கப்பட்டவர்கள், பேரரசின் மறுமுனையில் இலவச உழைப்பாகப் பயன்பட்டனர். இயந்திரம் உடைத்துத் தன் தீவுக்கு வந்தவர்களில் பலர் வந்த சிறிது காலத்திலேயே மனமுடைந்து நோயுற்று இறந்தனர் என்று வான் டீமன் நிலத்தின் ஆளுநர் ஆர்தரே பின்னர் நாடாளுமன்றக் குழுமுன் கூறினார்.

அவர்கள் உழப்போன நிலம் யாருடையது என்பதையும் கேட்காமல் விட முடியாது. தெற்கு இங்கிலாந்தில் இயந்திரங்கள் உடைபட்ட அதே அக்டோபர், நவம்பர் வாரங்களில், வான் டீமன் நிலத்தில் ஆளுநர் ஆர்தர் 2,000க்கும் மேற்பட்ட படைவீரர்களையும் குடியேறிகளையும் கைதிகளையும் ஒரே வரிசையாக நிறுத்தி, தீவின் தொல்குடி மக்களை வேட்டை விலங்குகளைப்போலத் தீபகற்பம் ஒன்றுக்குள் விரட்ட முயன்றார். 'கறுப்பு வரிசை' என்று வரலாறு அதை அழைக்கிறது. எஞ்சிய தொல்குடியினரில் பெரும்பாலோர் அடுத்த சில ஆண்டுகளில் பிளிண்டர்ஸ் தீவுக்கு அகற்றப்பட்டனர். வேலியிட்டு நிலம் பிடுங்கப்பட்டவர்கள், விரட்டி நிலம் பிடுங்கப்பட்டவர்களின் மண்ணில் இறக்கிவிடப்பட்டார்கள். இரண்டு பறிப்புகளையும் ஒரே அரசு செய்தது. ஒன்றை இன்னொன்றின் துயரால் மறைத்து எழுதும் வரலாறு நமக்கு வேண்டாம்.

இந்த முறை இந்தியாவுக்கு வந்தபோது அதோடு சாதியும் சேர்ந்துகொண்டது. 1837இல் மெக்காலே தலைமையில் வரையப்பட்டு 1860இல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டம் தீவாந்திரத்தைத் தக்கவைத்துக்கொண்டது. கடல் கடந்தால் சாதி கெடும் என்ற அச்சம், 'கருநீர்' என்ற பீதி, தண்டனையின் கடுமையைக் கூட்டும் என்று காலனிய அதிகாரிகள் கணக்கிட்டனர். அது யாருடைய அச்சம்? இழப்பதற்குச் சாதிப் பெருமை வைத்திருந்தவர்களின் அச்சம். அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் சேரிகளிலிருந்து ஆயிரமாயிரம் பேர் மலேயாவுக்கும் இலங்கைக்கும் மொரிசியசுக்கும் கூலிகளாகக் கடல் கடந்தனர். அவர்களுக்குக் கருநீர் குற்றத்தின் தண்டனையாக வரவில்லை; பஞ்சத்தில் பிழைக்கும் வழியாக வந்தது. சட்டம் 'இந்தியரின் அச்சம்' என்று எழுதியபோது அவர்களை எண்ணவே இல்லை.

மெக்காலேயின் சட்டம் நமக்கு விட்டுச்சென்ற இன்னொன்று, சட்டவிரோதக் கூட்டம் பற்றிய பிரிவுகள். ஐந்து பேர் திரண்டால் போதும். பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்குக் கூட்டத்திலிருந்த அனைவரும் பொறுப்பு என்ற 149ஆம் பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 190ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கூட்டத்தில் நின்றதே குற்றம் என்ற நிலையை எதிர்த்து வாதிடும்போதெல்லாம், தொப்பியை நசுக்கிய அடிக்காகத் தூக்கிலிடப்பட்ட அந்த 19 வயது இளைஞன் நம் நினைவுக்கு வருகிறான்.

1834இல் டார்செட் மாவட்டத்தின் டால்படிலில் ஆறு விவசாயக் கூலிகள் தொழிற்சங்கம் அமைத்து உறுதிமொழி எடுத்ததற்காக ஏழாண்டுத் தீவாந்திரம் பெற்றனர். அவர்களுக்காக லண்டனில் பல்லாயிரவர் ஊர்வலம் சென்றனர். 1836இல் மன்னிப்புக் கிடைத்தது. இன்றும் அவர்களுக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கப்படுகிறது. அவர்களுக்குப் பின்னால் அமைப்பு இருந்தது. ஸ்விங் கைதிகளுக்கு அது இல்லை. அவர்களுக்கான மன்னிப்பு 1835 முதல் சிறுசிறு பட்டியல்களாக வந்தது; பயணச்செலவு அதோடு வரவில்லை. ஊர் திரும்பியோர் மிகச் சிலரே.

திரும்பாதவர்களில் ஒருவர் வில்ட்ஷயரின் பீட்டர் விதர்ஸ். சிறப்புக் காவலர் ஒருவர்மீது சுத்தியலை எறிந்ததற்காகச் சாலிஸ்பரியில் மரண தண்டனை பெற்று, அது ஆயுள் தீவாந்திரமாகக் குறைக்கப்பட்டு, புரோட்டியஸில் சென்றவர். 1831இல் கப்பலிலிருந்து மனைவிக்கு அவர் எழுதிய கடிதம் எஞ்சியிருக்கிறது. அவளும் குழந்தைகளும் தன்னோடு வந்து சேர வேண்டும் என்ற ஏக்கம் அதில் நிறைந்திருக்கிறது. 1844இல் தன் சகோதரனுக்கு இன்னொரு கடிதம் எழுதினார். வீட்டிலிருந்து வரவேண்டிய பதில்களுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்ததையும், பிறகு அங்கேயே வேறொரு பெண்ணை மணந்துகொண்டதையும் அதில் தெரிவித்தார்.